கத்தரி தன் அப்பாவைத் திரும்ப வாங்கிய விதம்

கத்தரி என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் அல்ல. வீட்டில் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. அதை நாம் தொந்தரவு செய்ய வேண்டாம். டிவி சேனலின் எடிட்டிங் அறைகள் இருக்கும் தளத்தில் கத்தரி எங்கே என்று கேட்டால்தான் கை காட்டுவார்கள். ஜன்னல் இல்லாத அறை, அடுத்தடுத்துத் திரைகள், ஏ.சி. குளிருக்கு நாற்காலி முதுகில் ஒரு பழைய ஸ்வெட்டர், மேசைக்கு அடியில் கழற்றி விட்ட செருப்பு. அங்கே உட்கார்ந்துதான் அவள் பிறத்தியார் மானத்தை வெட்டி, ஒட்டி, இசை சேர்த்து, தினமும் ஒரு மணி நேரமாக்கி அனுப்பிவைக்கிறாள்.

நிகழ்ச்சி உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாது என்று சொல்பவர்கள்தான் அதிகம் பார்ப்பவர்கள். ஒரு வீட்டுக்குள் ஒரு டஜன் பேரை அடைத்துச் சுவரெல்லாம் கேமரா வைத்திருப்பார்கள். அவர்கள் பகல் முழுக்கத் தூங்கி வழிவார்கள், பாத்திரம் கழுவுவது யார் முறை என்று முனகுவார்கள். அதை அப்படியே காட்டினால் பார்க்கிறவர்களும் தூங்கிவிடுவார்கள். அதற்குத்தான் கத்தரி. பற்பசையைப் பற்றி ஒருத்தி காலையில் சொன்ன ‘சகிக்கல’ என்ற சொல்லை எடுத்து, மாலையில் பக்கத்துக் கட்டில்காரி பாடும் இடத்தில் வைப்பாள். இதற்குத் தொழிலில் ஒட்டு என்று பெயர். கொட்டாவிக்கு முந்தைய நொடியில் ஒருவன் முகம் எப்படி இருக்குமோ, அதை எடுத்து அழுகிறவனுக்கு எதிரில் வைத்தால் அவன் கல்நெஞ்சக்காரன். இதற்குப் பெயர் கடன் முகம்.

அவளுடைய அம்மா தினமும் பார்த்துவிட்டுத் திட்டுவார்.

“அந்தக் கட்டைக் குரல்காரன் இருக்கானே, என்ன திமிர் பாரு அவனுக்கு.”

“அம்மா, அவன் அப்படிச் சொல்லவே இல்ல. நான்தான் ஒட்டினேன்.”

“நீ சும்மா இருடி. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.”

மூஞ்சியும் கத்தரி ஒட்டியதுதான். அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

இவளுக்கு ஒரு சிநேகிதி உண்டு. டமாரம். கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் சொல்லித்தரும் இடத்தில் பக்கத்து நாற்காலிக்காரியாக அறிமுகமானவள். அவள் மெதுவாகப் பேசினாலே மாடிப்படியில் கேட்கும். பிற்பாடு அந்தக் குரலே அவளுக்குச் சோறு போட்டது. எந்த அலுவலகத்துக்குப் போன் செய்தாலும், தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது, தயவுசெய்து காத்திருக்கவும் என்று ஒரு பெண் உருகுவாளே, அவளேதான். அந்தக் குரலை நம்பிக் காத்திருந்தவர்களில் பாதிப்பேருக்குத் தலை நரைத்துவிட்டது.

இரண்டு பேரும் சேர்ந்து இணையத்தில் ஒரு காரியம் செய்துவந்தார்கள். ‘வீட்டுக்குள்ள ரெண்டு பேர்’ என்று பெயர். டிவி நிகழ்ச்சியைப் போலவே ஒரு பொய் நிகழ்ச்சி. போட்டியாளர்கள் இவர்கள் இருவர் மட்டும். கத்தரி படம் செய்வாள். வெட்டிய முகங்கள், கைப்பேசித் திரையின் துண்டுகள், பழைய போட்டோக்கள், நகரும் ஸ்டிக்கர்கள் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சத்தமே இல்லாமல் ஒரு நிமிடத்துக்கு ஒரு படம். அதை அனுப்பிவிட்டால் அவள் வேலை முடிந்தது. டமாரம் அதற்குச் சத்தம் போடுவாள். என்ன சத்தம் என்று கேட்கக் கூடாது. போட்ட பிறகு குறை சொல்லவும் கூடாது. இதுதான் அவர்களுக்குள் ஒரே சட்டம். மற்றபடி சண்டை, பேச்சை நிறுத்துவது, அடுத்தவள் துணியை வாங்கித் திருப்பித் தராதது எல்லாம் தாராளமாக உண்டு.

ஒரு படத்தில் கத்தரி தன் வீட்டு ஃபிரிட்ஜைப் போட்டியிலிருந்து வெளியேற்றினாள். டமாரம் அதற்குக் கல்யாண மண்டபத்தில் பெண்ணை அனுப்பிவைக்கும்போது கேட்கும் மூக்குறிஞ்சலைச் சத்தமாகப் போட்டாள். இன்னொன்றில், முன்பின் தெரியாதவர்கள் போட்ட கருத்துகளே போட்டியாளர்கள். ‘உங்களுக்கு வேற வேலையே இல்லையா’ என்பதை டமாரம் தன் டெலிபோன் குரலில், அத்தனை மரியாதையாக வாசித்தாள். எழுதியவரே வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் விடாமல் பார்ப்பவர்கள்.

அந்த வரிசையில் ஒன்று கத்தரியின் அப்பாவைப் பற்றியது.

அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகள் வெட்டி ஒட்டிய நிகழ்ச்சியின் மறு ஒளிபரப்பைப் பார்த்தபடி நாற்காலியிலேயே போய்விட்டார். ரிமோட் கையில் இருந்தது. கட்டைவிரல் சத்தம் கூட்டும் பொத்தானின் மேல். விரல் அழுந்தியது அழுந்தியபடி இருக்க, டிவியின் சத்தம் ஏறிக்கொண்டே போனது. கத்தரி வேலைக்குப் போயிருந்தாள். அம்மா மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். சத்தம் தாங்காமல் சண்டை போடுவதற்கென்று வந்த கீழ்வீட்டுக்காரர்தான் முதலில் பார்த்தது. டிவியில் ஊரே கேட்கும்படி யாரோ யாரையோ சமையலறையில் ஏசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஏச்சும் ஒட்டுதான்.

அதைப் படமாக்கக் கத்தரிக்கு வெகு நாள் பிடித்தது. கடைசியில் கறுப்புத் திரையில் சத்தத்தைக் காட்டும் பச்சைக் கோடு ஒன்று மட்டும் நீண்டுகொண்டே போகும்படி செய்து அனுப்பினாள். டமாரம் அதற்கு ஒரே ஒரு சத்தம் வைத்தாள். யாரோ கதவைத் தட்டும் சத்தம். முதலில் கோபமாக, பிறகு சந்தேகமாக, பிறகு மெதுவாக. கத்தரி அதைக் கேட்டு அன்றுதான் அழுதாள்.

இதெல்லாம் நட்பு. இனி விஷயத்துக்கு வருவோம்.

புதிய பருவத்துக்கு ஆள் எடுத்தபோது டமாரமும் விண்ணப்பித்தாள், தேர்வானாள். கத்தரியிடம், “நீ உள்ள இருக்கங்கற தைரியத்துலதான்டி போறேன்,” என்று சொல்லிவிட்டுத்தான் பெட்டியைத் தூக்கினாள். அவள் வீட்டுக்குள் போன பிறகுதான் கத்தரிக்கு ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. ‘வீட்டுக்குள்ள ரெண்டு பேர்’ பக்கத்தின் கடவுச்சொல் மாறியிருந்தது. கத்தரியின் பெயர் இருந்த இடத்தில் ‘தனி ஒருத்தியின் படைப்பு’ என்று இருந்தது. தலைப்பை மட்டும் மாற்ற மறந்துவிட்டாள். தனி ஒருத்தி எப்படி ரெண்டு பேர் ஆனாள் என்று இணையத்தில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

சரி, பெயர் போனால் போகட்டும் என்று கத்தரி பல்லைக் கடித்துக்கொண்டாள். அடுத்து வந்தது மனசு நாற்காலி.

அந்த வீட்டில் ஒரு வெல்வெட் நாற்காலி போட்டிருப்பார்கள். ஒவ்வொரு போட்டியாளரும் அதில் உட்கார்ந்து தன் வாழ்க்கையின் பெரிய துக்கத்தைச் சொல்ல வேண்டும். துக்கம் இல்லாதவர்கள் முதல் வாரமே வெளியே போய்விடுவார்கள். டமாரத்தின் முறை வந்த பதிவு கத்தரியின் மேசைக்கு வந்தது. பக்கத்தில் ஒலிக்கலவை செய்யும் செவிடன் உட்கார்ந்திருந்தான். காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றாததால், கூப்பிட்டால் திரும்பாததால் வந்த பெயர்.

திரையில் டமாரம் கையைப் பிசைந்தாள்.

“எங்கப்பா டிவி பாத்துட்டிருந்தார். கையில ரிமோட். அப்படியே போயிட்டார். விரல் மட்டும் எடுக்கல. சத்தம் ஏறிட்டே போச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க வந்து கதவத் தட்டறாங்க. முதல்ல கோபமா. அப்புறம் சந்தேகமா. அப்புறம் மெதுவா...”

வீட்டிலிருந்த அத்தனை பேரும் அழுதார்கள். இந்த முறை கடன் முகம் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

செவிடன் சொன்னான்: “நல்லா அழறா.”

“அது எங்கப்பா.”

“என்னது?”

“ஹெட்போனக் கழட்டு. அவ அழறாளே, அது எங்கப்பாவுக்கு. அவங்கப்பா கல்லு மாதிரி இருக்கார். தையல் கடை வெச்சிருக்கார். போன வாரம்கூட என் சுடிதாருக்குக் கை வெச்சுக் குடுத்தார்.”

செவிடன் திரையைப் பார்த்தான், இவளைப் பார்த்தான். பிறகு, அந்தத் தொழிலில் இருப்பவன் கேட்க வேண்டியதைக் கேட்டான்.

“அப்ப அந்த இடத்துல வீணையா, புல்லாங்குழலா?”

ஒளிபரப்பான அன்று கத்தரி வீட்டுக்குப் போனால், அம்மா கண்ணைத் துடைத்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

“நம்ம டமாரத்தோட அப்பா எப்படி போனார்? நமக்கு ஒரு வார்த்தை சொல்லலையே. துக்கம் கேக்கக்கூட போகல பாரு.”

“அம்மா. அது நம்ம அப்பா.”

டிவியில் சோப்பு விளம்பரம் ஓடியது.

“அதான பாத்தேன். நம்ம வீட்டு மாதிரியே இருக்கேன்னு நினைச்சேன். ஆனா நம்ம வீட்ல யாருடி கதவத் தட்டினா? கதவு தெறந்துதான கெடந்துது. கீழ்வீட்டுக்காரர் கத்திக்கிட்டேதான உள்ள வந்தார்.”

அம்மா சொன்னது சரி. கதவை யாரும் தட்டவே இல்லை. ஆனால் அப்பாவை நினைக்கும்போதெல்லாம் அவள் காதில் முதலில் கேட்பது அந்தத் தட்டல்தான். டமாரம் தன் வீட்டு மரப்பலகையைத் தட்டிப் பதிவு செய்து வைத்த சத்தம், எப்போதோ வந்து அப்பாவின் சாவுக்குள் குடியேறிவிட்டது. இனி அதைப் பிரித்தெடுக்க முடியாது.

வேறு யாராவது இருந்தால், ஆக அந்த நினைவில் அவளுக்கும் பங்கு இருக்கிறது என்று மனசு இளகியிருப்பார்கள். கத்தரிக்கு ரத்தம்தான் கொதித்தது. பெயரை எடுத்தாள், பக்கத்தை எடுத்தாள், அப்பாவை எடுத்தாள். எடுத்துப் போன இடத்தில் தன் கைரேகையையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அந்த இடத்தில்தான் கத்தரி முடிவு செய்தாள்: இவளை விடக் கூடாது. அது எங்கப்பா இல்லை என்று அவள் தன் வாயால் சொல்ல வேண்டும். நாடு பார்க்கச் சொல்ல வேண்டும்.

அதற்குள் இணையம் தன் வேலையைத் தொடங்கியிருந்தது. ‘ரிமோட் அப்பா’ என்று பெயர் வைத்தார்கள். ஜனங்கள் கையில் ரிமோட்டைப் பிடித்து, கண்ணை மூடித் தலையைச் சாய்த்து, பின்னணியில் பச்சைக் கோடு ஏற, ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு வீடியோ போட்டார்கள். ஒருவர் பூனையின் காலில் ரிமோட்டை வைத்திருந்தார். ஒரு ஜோடி நிச்சயதார்த்த மேடையிலேயே செய்தது. பழைய ரசிகர் ஒருவர் மட்டும், ‘இது அந்த இன்னொரு பொண்ணோட அப்பா ஆச்சே’ என்று எழுதினார். அவரைத் தாய் தகப்பன் இல்லாதவன் என்று ஏசி ஓட்டிவிட்டார்கள். கத்தரி பதில் எழுத முடியாது. நிகழ்ச்சியைப் பற்றி வெளியே வாய் திறந்தால் வேலை போய்விடும் என்று சேர்ந்த அன்றே கையெழுத்துப் போட்டிருந்தாள். அவளிடம் இருந்ததெல்லாம் அந்த மேசைதான்.

“ஒட்டிடு,” என்றான் செவிடன். “உனக்குத் தெரியாததா? பேய் ஆக்கிடு.”

ஆக்கிப் பார்த்தாள். டமாரம் சோப்பை எடுத்து முகர்ந்ததையும், இன்னொருத்தி சோப்பைக் காணோம் என்று தேடியதையும் ஒட்டித் திருடியாக்கினாள். தூக்கத்தில் சிரித்த சிரிப்பை, ஒருவன் வழுக்கி விழுந்த இடத்தில் வைத்தாள். தன் தொழிலின் நல்ல சரக்கையெல்லாம் இறக்கினாள். ஜனங்கள் என்ன சொன்னார்கள்? அப்பா இல்லாத பொண்ணு, பாவம், சோப்புதானே எடுத்தா என்றார்கள். செத்துப்போன அப்பா டமாரத்தின் முன்னால் மதில்சுவர் மாதிரி நின்றார். எதை எறிந்தாலும் அவர்மேல் பட்டுத் திரும்பியது. கத்தரி தன் அப்பாமேலேயே கல் எறிந்துகொண்டிருந்தாள்.

அப்படியானால் சுவரை எடுக்க வேண்டும். அவள் தையற்காரருக்குப் போன் செய்தாள்.

“எப்படி இருக்கீங்கப்பா?”

“நானா? நான் செத்துட்டேனேம்மா. உனக்குத் தெரியாதா?” பின்னால் தையல் மெஷின் ஓடுவது கேட்டது. “நேத்து ஒரு ஆள் வந்தார். உங்க அண்ணன் போனதக் கேட்டு ரொம்ப வருத்தம்னார். எந்த அண்ணன்னேன். டிவில வந்துச்சேன்னார். வருத்தப்பட்டுட்டு, என் பேன்ட் எப்ப கிடைக்கும்னும் கேட்டார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“வெள்ளிக்கிழமைன்னேன்.” மெஷின் நின்றது. “வீட்ல அவ அம்மா சொல்றா, விளையாட்டுக்குச் சொல்லியிருப்பான்னு. விளையாட்டுதான். இருந்தாலும் கடைக்குக் கிளம்பறப்ப கண்ணாடில ஒரு தடவ பாத்துக்கறேன்.”

“குடும்ப வாரம் வருதுப்பா. வீட்டாளுங்கள உள்ள கூப்பிடுவாங்க. நீங்க வாங்க. அவ கண்ணக் கட்டியிருப்பாங்க, நீங்க தலைல கை வைக்கணும். யாருன்னு அவ சொல்லணும். அவ அப்பான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா எல்லாம் சரியாயிடும்.”

“சொல்லுவாம்மா. என் கை தெரியாதா அவளுக்கு?”

கத்தரிக்கு அப்போது ஒரு நொடி என்னவோ செய்தது. ஏ.சி. குளிர் என்று நினைத்து ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டாள்.

நிகழ்ச்சியின் பொறுப்பாளரை எல்லோரும் ரேட்டிங் அண்ணன் என்பார்கள். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும், எத்தனை பாயின்ட் ஏறியிருக்கிறது என்றுதான் கேட்பார். கத்தரி அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள்: டமாரத்தின் அப்பா உயிரோடு இருக்கிறார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். கையைக் கூப்பாத குறை.

“உசுரோட இருக்காரா?”

“இருக்கார்.”

“நடப்பாரா? பேசுவாரா?”

“தையல் கடை வெச்சிருக்கார் அண்ணே.”

“கண்ணு,” என்றார் அண்ணன், “நீ இத்தன வருஷமா எங்க இருந்த?”

குடும்ப வாரத்தின் சட்டம் இதுதான். போட்டியாளர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். உறவுக்காரர் வந்து தலையில் கை வைப்பார். வாய் திறக்கக் கூடாது. தொடுகையை வைத்தே யாரென்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் கட்டை அவிழ்த்துக் கட்டிக்கொள்ளலாம். தவறாகச் சொன்னாலோ, தெரியவில்லை என்றாலோ, வந்தவர் முகம் காட்டாமல் திரும்பிப் போய்விட வேண்டும். யாரும் இதுவரை தவறாகச் சொன்னதில்லை. நம் ஆட்களுக்கு உறவுக்காரர் கை என்றால் இருட்டிலும் தெரியும்.

கத்தரி அன்று படப்பிடிப்புத் தளத்தில் கேமராத் திரைகளின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்களின் அம்மாக்கள், தங்கைகள், ஒரு மாமியார் எல்லோரும் வந்து போனார்கள். மாமியாரின் கையைக் கண்டுபிடித்த மருமகன் கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னான். பிறகு தையற்காரர் வந்தார். டிவிக்கென்று தானே தைத்த வெள்ளைச் சட்டை. மகளின் பின்னால் வந்து நின்று, தலையில் கை வைத்தார்.

கை வைத்ததோடு விட்டிருந்தால் டமாரத்துக்கு ஒரு வழி இருந்திருக்கும். ஆனால் அந்தக் கைக்கு வேறு பழக்கம். தலையிலிருந்து தானாக இறங்கித் தோளுக்கு வந்து, இடம் மாறியிருந்த தையலை இழுத்து நேராக்கிவிட்டது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் வாசலில் நிறுத்தி அவர் செய்துவந்தது. டமாரத்தின் தோள் லேசாக உயர்ந்தது. திரைக்கு முன்னால் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது, அவளுக்குத் தெரிந்துவிட்டதென்று.

“யார் வந்திருக்காங்க?” என்றது வீட்டின் ஒலிபெருக்கி.

டமாரத்தின் வாய் திறந்தது, மூடியது. அப்பா என்றால் நாடே அழுத பிணம் எழுந்து உட்கார்ந்துவிடும். அந்த வீட்டில் முதல்முறையாக டமாரம் மெதுவாகப் பேசினாள். மைக் இல்லையென்றால் கேட்டிருக்காது.

“தெரியல.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“யாருன்னு தெரியல.”

தையற்காரர் கையை எடுத்தார். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வாய் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் திறக்கவில்லை. வந்த வழியே போனார். கதவைத் தள்ளுவதற்குப் பதில் இழுத்தார், திறக்கவில்லை, ஒரு பணியாள் வந்து தள்ளிவிட்டார்.

செவிடன் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டான். கத்தரியின் முகத்தைப் பார்த்தால் பரீட்சையில் முதலாவதாக வந்தவள் மாதிரி இருந்தது.

பிரச்சினை எடிட்டிங்கில் வந்தது. மனசு நாற்காலியில் அந்த அழுகையைப் பார்த்து ஓர் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி ஓடிவந்து, ‘அப்பாவின் நினைவாக’ என்று தினமும் ஒரு துண்டுப் படத்துக்கு விளம்பரம் கொடுத்திருந்தது. அப்பா பிழைத்துக்கொண்டால் கம்பெனிக்குப் பிடிக்காது. ரேட்டிங் அண்ணன் தலையைச் சொறிந்தார்.

“தெரியலன்னு சொன்னா பாரு, அது தங்கம். அத விட முடியாது. கீழ சித்தப்பான்னு போட்டுடு. முகத்தத் தூரத்துல காட்டு. சித்தப்பா கை தெரியலன்னா ஜனங்க ஒத்துக்குவாங்க.”

“சரி அண்ணே.”

அவள் சரி என்று சொன்னதில் ஒரு நெளிவும் இல்லை. வெட்டிய படத்தை அண்ணன் பார்ப்பார். ஆனால் கீழே ஓடும் எழுத்துகளை அதற்குப் பிறகுதான் ஏற்றுவார்கள். அதை யாரும் பார்ப்பதில்லை.

அன்று கத்தரி செய்த காரியத்தை அந்தத் தளத்தில் இன்னமும் பேசிக்கொள்கிறார்கள். மூச்சு விடுவதற்குள் கோணம் மாறும் அந்த நிகழ்ச்சியில், தையற்காரர் உள்ளே வந்ததிலிருந்து கதவைத் தவறாக இழுத்தது வரைக்கும் ஒரு வெட்டுகூட வைக்கவில்லை. இசை இல்லை. யாருடைய முகத்தையும் கடன் வாங்கவில்லை. தூரத்தில் காட்டியிருக்கிறதா என்று அண்ணன் பார்த்தார், தூரத்தில்தான் காட்டியிருந்தது. வெள்ளைச் சட்டையும் அந்தக் கையும் மட்டும் தெளிவாகத் தெரிந்தன. வெட்டே வைக்காமல் ஒருத்தியை இத்தனை ஆழமாக வெட்ட முடியும் என்று அதுவரை அவளுக்கே தெரியாது. மற்ற உறவுக்காரர்களுக்கு அம்மா, தங்கை, மாமியார் என்று கீழே எழுத்து வந்தது அல்லவா? அதே மஞ்சள் எழுத்தில், அதே அளவில், இவருக்கும் ஒரு சொல் போட்டாள்.

அப்பா.

அவ்வளவுதான். மீதியை நாடு பார்த்துக்கொண்டது. முந்தின நாள் வரை ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு அழுதவர்கள் அதே ரிமோட்டை எறிவது போல வீடியோ போட்டார்கள். பூனைக்காரர் பூனையின் தலையில் கை வைத்து, யாருன்னு தெரியல என்று பின்னணிக் குரல் சேர்த்தார். தையல் கடை வாசலில் தெரியாதவர்கள் வந்து நின்று செல்ஃபி எடுத்தார்கள். ரேட்டிங் அண்ணன் முதலில் கத்தரியைத் தேடித் தொண்டை கிழியக் கத்தினார். மதியம் பாயின்ட் வந்ததும் அதெல்லாம் தன்னுடைய யோசனை என்று மேலிடத்தில் சொல்லிவிட்டு வந்தார். காப்பீட்டுக் கம்பெனி விலகிக்கொண்டது. ‘யாரையும் நம்பாதீர்கள்’ என்று ஒரு பூட்டுக் கம்பெனி வந்தது.

டமாரத்தை அந்த வாரமே வெளியே அனுப்பினார்கள். ஓட்டு அப்படி விழுந்தது. வெளியே வருபவர்களை உட்காரவைத்துப் பேட்டி எடுப்பது வழக்கம். அந்தப் பதிவும் கத்தரியின் மேசைக்குத்தான் வந்தது. வேறு எங்கே போகும்?

பேட்டியில் டமாரம் பவுடர்கூடப் போடவில்லை. கேள்வி கேட்பவர் வாய் திறக்குமுன்னே ஆரம்பித்தாள்.

“அது எங்கப்பா இல்ல. என் ஃப்ரெண்டோட அப்பா. அந்தப் படமும் என்னோடது மட்டும் இல்ல, அவதான் பண்ணா. நான் சத்தம் மட்டும்தான் போட்டேன்.”

கத்தரி நிறுத்தினாள். பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள். நாட்டுக்கு எதைக் கேட்கவைக்க அவள் இத்தனையும் செய்தாளோ, அது வந்துவிட்டது. ஒட்டாத, முழு வாக்கியம். அவள் மேலே ஓட விட்டாள்.

“அவதான் இத எடிட் பண்றான்னு எனக்குத் தெரியும். நாங்க அப்படித்தான். ஒருத்தி ஒண்ணு பண்ணா மத்தவ கேக்காம அதுக்கு மேல எதையாவது வெப்பா. எதுக்குடி இப்படிப் பண்ணேன்னு கேக்க மாட்டோம். நான் உள்ள உக்காந்து கதை விட்டா, அவ வெளிய உக்காந்து அத ஏதாவது பண்ணுவா, கடைசில ரெண்டு பேரும் சிரிப்போம்னு... நிஜமா நான் அப்படித்தான் நினைச்சேன். அவ அப்பா விஷயத்துல அப்படி நினைச்சது தப்பு. எங்கப்பா கை தலைல பட்டப்பதான் எனக்குப் புரிஞ்சுது. என்னை மன்னிச்சிடுடி. நீ பாத்துட்டிருப்ப. மன்னிச்சிடு.”

பிறகு வெகுநேரம் அழுதாள். இந்த முறை கையைப் பிசையவில்லை. மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை. கேள்வி கேட்பவரே தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கத்தரியைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொன்னாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாள் கத்தரி தன் சாப்பாட்டு டப்பாவைக் கேட்காமலே பாதி நகர்த்தியது, தனக்கு வேலை போய் வாடகை கட்ட வழியில்லாத மாதத்தில் அவள் வீட்டிலேயே வந்து தங்கச் சொன்னது. உண்மையிலேயே விளையாட்டு என்றுதான் நினைத்தாளா, இல்லை மாட்டிக்கொண்ட பிறகு தோன்றிய நியாயமா? அது டமாரத்துக்கே தெரியுமோ என்னவோ. அழுகை மட்டும் அசல். அழுகையில் அசல் போலி பார்ப்பதுதான் இவர்கள் தொழில்.

செவிடன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஹெட்போனைத் துடைத்தான்.

“பேட்டி எவ்ளோ நீளம் வேணும்?” என்றாள் கத்தரி.

“ரொம்பச் சின்னதா. அதுக்கப்புறம் பூட்டு விளம்பரம்.”

கத்தரி, ‘அது எங்கப்பா இல்ல’ என்பதிலிருந்து ‘அவதான் பண்ணா’ என்பது வரைக்கும் எடுத்துவைத்துக்கொண்டாள். மீதி முழுவதையும் ஒரே இழுப்பில் அடையாளமிட்டாள். மன்னிப்பு, சாப்பாட்டு டப்பா, மூக்கு, எல்லாம் திரையில் நீல நிறமானது.

“கத்தரி. அந்தப் பொண்ணு நிஜமா அழறாப்பா.”

“தெரியுது.”

“கொஞ்சமாவது விடு.”

அவள் பொத்தானை அழுத்தினாள். நீலம் காணாமல் போனது. பிறகு கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியைத் திறந்து, அங்கேயும் காலி செய்தாள். செவிடன் இதுவரை யாரும் அப்படிச் செய்து பார்த்ததில்லை.

மறுநாள் அது ஒளிபரப்பானது. நாடு கேட்டுக்கொண்டது. கத்தரியின் அம்மா டிவியைப் பார்த்து, “இப்பவாவது ஒத்துக்கிட்டாளே, ஆனா ஒரு மன்னிப்புகூடக் கேக்கல பாரு, என்ன நெஞ்சழுத்தம்,” என்றார். கத்தரி தட்டைக் கழுவப் போனாள். கை ஈரத்தோடு இருக்கும்போது போன் அடித்தது. தையற்காரர்.

“அம்மா, வீட்டுக்கு வந்து அழுதுக்கிட்டே இருக்கா. உன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன், ரொம்ப நேரம் கேட்டேன்கறா. நானும் ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் பாத்தேன். அப்படி ஒண்ணும் வரலையேம்மா?”

கத்தரி குழாயை மூடினாள்.

“நேரம் பத்தலப்பா,” என்றாள்.